துத்தநாகச் சத்து மாத்திரை: நன்மையும் எச்சரிக்கையும்

துத்தநாகம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை பித்தளைப் பாத்திரமும், மேற்பூச்சிட்ட தகர வாளியும், கூரைத் தகடுமே. செம்புடன் துத்தநாகத்தைக் கலந்தால் பித்தளை உண்டாகிறது. இரும்புத் தகட்டின்மீது பூசினால் அது துருவைத் தடுக்கிறது. இவ்வுலோகத்தைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்கும் கலையில் நம் நாடு பண்டு முதலே தேர்ச்சி பெற்றிருந்தது. ராஜஸ்தானத்தில் உதயபூருக்கு அருகிலுள்ள ஜாவர் என்னும் இடத்தில், பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் இதனை ஆவியாக்கிக் குளிரவைத்து வடித்தெடுத்த மண்கலங்களின் எச்சங்கள் இன்றும் குவியல் குவியலாகக் காணப்படுகின்றன.

உலோகக் கடையில் எடைபோட்டு விற்கப்படும் இதே பொருள், மிக நுண்ணிய அளவில், மனித சரீரத்துக்கு இன்றியமையாத உணவுச் சத்தாகவும் இருக்கிறது. இப்பொழுது துத்தநாகம் மாத்திரையாகவும், சிறுவர்களுக்கான மருந்து நீராகவும், பல வைட்டமின்களுடன் கலந்த சத்து மருந்தாகவும் எங்கும் கிடைக்கிறது. சுகாதார நிலையங்களில் வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைகளுக்கு அது இலவசமாகவே வழங்கப்படுகிறது. ஆயினும், ஒரே பொருள் ஓரிடத்தில் உயிர் காக்கும் துணையாகவும், மற்றோரிடத்தில் வீண் செலவாகவும், வேறோரிடத்தில் தீங்காகவும் அமைந்துவிடக் கூடும். எந்த இடத்தில் எது என்பதைக் கிராமங்களில் பணியாற்றும் ஊழியர்களும் ஆசிரியர்களும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், "இந்த மாத்திரையைக் கொடுக்கலாமா?" என்று தாய்மார்கள் முதலில் வினவுவது பெரும்பாலும் அவர்களிடமே.

உடலில் துத்தநாகத்தின் பணி

வளர்ந்த மனிதனின் உடலில் உள்ள துத்தநாகம் முழுவதையும் திரட்டினாலும் அதன் எடை ஏறக்குறைய 2 கிராம் அளவே இருக்கும். இதில் பெரும் பங்கு தசைகளிலும் எலும்புகளிலும் அடங்கியுள்ளது. இரத்த நீரில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு சிறிதாக இருப்பினும் அதன் வேலை பெரிது. உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகள், உயிரணுக்கள் பிரிந்து பெருகத் துணைபுரியும் நொதிகள் என, 300-க்கும் மேற்பட்ட நொதிகள் துத்தநாகம் இன்றித் தொழிற்பட மாட்டா. இரத்தத்தில் கரியமில வாயுவைக் கொண்டு செல்ல உதவும் ஒரு நொதியில் துத்தநாகம் அடங்கியிருப்பதைக் கெய்லின், மன் என்னும் விஞ்ஞானிகள் இங்கிலாந்தில் 1939-40-ல் கண்டறிந்தனர். நொதிகளுக்கும் இவ்வுலோகத்துக்கும் உள்ள உறவு பற்றிய ஆராய்ச்சி அதன்பின் விரிவடைந்தது.

உயிரணுக்கள் வேகமாகப் பெருகும் இடங்களிலேயே துத்தநாகத்தின் தேவை மிகுதி. வளரும் குழந்தையின் உடல், கருவுற்ற தாயின் வயிறு, ஆறி வரும் புண், குடலின் உட்சவ்வு, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஆகவே, இச்சத்துக் குறைந்தால் குழந்தைகளின் வளர்ச்சி தடைப்படும், பசி மந்தப்படும், நாவின் சுவையுணர்வு குன்றும், புண்கள் ஆறத் தாமதமாகும், தொற்று நோய்கள் அடிக்கடி பீடிக்கும். ஆனால் இவ்வறிகுறிகளில் எதுவும் துத்தநாகக் குறைவுக்கு மட்டுமே உரியதன்று. வேறு பல காரணங்களாலும் இவை தோன்றக் கூடும். ஆகையால், மெலிந்த குழந்தையைப் பார்த்த மாத்திரத்திலேயே "இது துத்தநாகக் குறைதான்" என்று எவரும் முடிவு கட்டுதல் தகாது.

கொழுப்பைச் சேமித்து வைப்பதுபோல் துத்தநாகத்தைச் சேமித்து வைக்க உடலில் தனியான களஞ்சியம் ஒன்றும் இல்லை. ஆதலால் அது நாள்தோறும் உணவின் வழியே வந்துகொண்டிருக்க வேண்டும்.

ஷிராஸ் நகரில் கண்ட உண்மை

தாவரங்களுக்கும் பிராணிகளுக்கும் துத்தநாகம் வேண்டும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. ஒருவகைப் பூஞ்சணம் அஃதின்றி வளராது என்பதைப் பிரான்சு நாட்டில் ரௌலன் என்பவர் 1869-ல் மெய்ப்பித்தார். எலிகளுக்கும் அது தேவை என்பது 1934-ல் நிலைநாட்டப்பட்டது. எனினும், மனிதனுக்கு இச்சத்துக் குறை ஏற்படும் என்று மருத்துவ உலகம் வெகுகாலம் கருதவில்லை. எல்லா உணவிலும் அது சிறிதேனும் இருப்பதால் குறைவுக்கு இடமில்லை என்பதே அன்றைய எண்ணம்.

இந்த எண்ணத்தை மாற்றியவர் பீகாரைச் சேர்ந்த பக்ஸரில் பிறந்து, பாட்னாவில் மருத்துவம் பயின்ற டாக்டர் ஆனந்த பிரசாத் ஆவார். அமெரிக்காவில் மேற்பயிற்சி பெற்ற அவர், 1958-ல் ஈரானில் உள்ள ஷிராஸ் நகருக்குச் சென்றார். அங்கே கடும் இரத்தச் சோகையுடன் ஓர் இளைஞன் அவரிடம் வந்தான். அவனுக்கு வயது 21. தோற்றமோ 10 வயதுச் சிறுவனுடையது. பருவ வளர்ச்சி அறவே காணப்படவில்லை. புளிக்கவைக்காத கோதுமை ரொட்டியே அவனுடைய முக்கிய உணவு. இறைச்சி கிடைப்பது அரிது. மண்ணைத் தின்னும் வழக்கமும் அவனிடம் இருந்தது. அப்பகுதியில் அவனைப் போன்றோர் மேலும் பலர் இருப்பது விரைவில் தெரியவந்தது.

இரும்புச் சத்துக் குறைவு மட்டும் இத்தகைய குள்ளத் தன்மைக்குக் காரணமாகாது என்று உணர்ந்த டாக்டர் பிரசாத், துத்தநாகக் குறைவும் சேர்ந்திருக்கலாம் என்னும் கருத்தை 1961-ல் வெளியிட்டார். பின்னர் எகிப்து தேசத்துக் கிராமங்களில் இதே நிலையில் இருந்த இளைஞர்களைப் பரிசோதித்து, அவர்களுடைய உடலில் துத்தநாகம் குறைந்திருந்ததை நிரூபித்தார். அச்சத்து அளிக்கப்பட்டபோது, வளர்ச்சி நின்றுபோயிருந்த இளைஞர்கள் ஓராண்டில் 12 சென்டிமீட்டருக்கும் மேல் உயர்ந்தனர். 1974-ல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகம் துத்தநாகத்தை மனிதனுக்கு இன்றியமையாத சத்தாக ஏற்று, நாள் ஒன்றுக்கு வேண்டிய அளவையும் வரையறுத்தது.

நம் நாட்டில் குறைவு ஏன்?

ஷிராஸ் இளைஞன் உண்ட ரொட்டியில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. ஆனால் தானியத்தின் தவிட்டுப் பகுதியில் உள்ள ஃபைட்டிக் அமிலம் என்னும் பொருள், துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு, குடல் அதனை உறிஞ்சாதவாறு தடுத்துவிடுகிறது. தானியமும் பருப்புமே முக்கிய உணவாக உள்ள நம் நாட்டுக்கும் இது பொருந்தும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில், வளர்ந்த ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 17 மில்லிகிராமும், பெண்ணுக்கு ஏறத்தாழ 13 மில்லிகிராமும் வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. இது அமெரிக்காவில் வகுக்கப்பட்ட 11, 8 மில்லிகிராம் என்னும் அளவுகளைவிட மிகுதியாக இருப்பதற்கு நம் உணவின் இவ்வியல்பே முக்கியமான காரணம்.

நிலத்தின் வளமும் இதில் சம்பந்தப்பட்டது. தராய் பிரதேசத்தில் நெற்பயிரின் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குன்றும் 'கைரா' நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்பதைப் பந்த்நகரில் டாக்டர் நேனே 1966-ல் வெளிப்படுத்தினார். இந்திய மண் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை துத்தநாகக் குறைவுடையவை என்று பிற்கால ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

2016 முதல் 2018 வரை நடைபெற்ற தேசியப் போஷாக்கு ஆய்வில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 19 பேரும், 5 முதல் 9 வயதினரில் 17 பேரும், 10 முதல் 19 வயதினரில் 32 பேரும் துத்தநாகக் குறைவுடன் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. துரிதமாக வளரும் பருவத்திலேயே குறைவு மிகுந்திருப்பது ஆசிரியர்கள் கவனிக்கத்தக்கது.

வயிற்றுப்போக்கில் மாத்திரையின் பயன்

துத்தநாக மாத்திரையின் நன்மை ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகியிருக்கும் இடங்களுள் முதன்மையானது குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஆகும். பேதியின்போது நீரும் உப்பும் வெளியேறுவதுடன் துத்தநாகமும் வெளியேறுகிறது. குறைவு மிகுந்தால் குடலின் சவ்வு புதுப்பித்துக்கொள்ளும் சக்தியை இழக்கிறது, பேதி நீடிக்கிறது, நீடித்த பேதி மேலும் துத்தநாகத்தை இழக்கச் செய்கிறது. இந்தச் சுழலை இடையில் அறுப்பதே மாத்திரையின் வேலை.

இதற்கான முக்கியச் சான்றுகளில் ஒன்று நம் தலைநகரிலேயே கிடைத்தது. புது தில்லியில் 6 முதல் 35 மாத வயதுள்ள 937 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 1995-ல் வெளியான பரிசோதனையில், துத்தநாகம் பெற்ற குழந்தைகளுக்குப் பேதி நீடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 23 பங்கு குறைந்தது. பல நாடுகளில் நிகழ்ந்த சோதனைகளையும் ஆராய்ந்த பின், உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் 2004-ல் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டன. பேதி கண்ட குழந்தைக்கு நாள்தோறும் 20 மில்லிகிராமும், 6 மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 10 மில்லிகிராமும், 10 முதல் 14 நாட்கள் வரை அளிக்குமாறு அவ்வறிக்கை கூறிற்று. நம் நாட்டுத் திட்டத்திலும் 14 நாள் முறை மேற்கொள்ளப்பட்டது.

6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பேதியின் காலத்தைச் சுமார் அரை நாளும், போஷாக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஏறத்தாழ ஒரு நாளும் இது குறைக்கிறது. 6 மாதத்துக்குட்பட்ட சிசுக்களிடம் இப்பயன் தெளிவாகக் காணப்படவில்லை. ஒரு நாள் குறைவது அற்பமாகத் தோன்றலாம். ஏற்கெனவே மெலிந்த குழந்தைக்கு ஒரு நாள் பேதி என்பது எத்தனை இழப்பு என்பதை அக்குழந்தையின் எடையைப் பதிவு செய்யும் அங்கன்வாடிப் பணியாளர் நன்கு அறிவார்.

மாத்திரையின் சுவை சில குழந்தைகளுக்கு வாந்தியை உண்டாக்கும். தில்லியிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2020-ல் வெளியான ஆராய்ச்சியில், 5 அல்லது 10 மில்லிகிராம் கொடுத்தாலும் 20 மில்லிகிராமுக்கு இணையான பயன் கிட்டியதுடன், வாந்தியும் குறைந்தது. இத்தகைய ஆராய்ச்சிகளால் அளவுகள் காலப்போக்கில் மாறுவதுண்டு. ஆதலின், ஊழியர்கள் தங்கள் இலாகாவின் அண்மைக் கட்டளையையே பின்பற்ற வேண்டும். தாமாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இடையில் நிறுத்தலாகாது

இம்மாத்திரை தன் பயனை இழப்பது பெரும்பாலும் மூன்றாம் நாளில்தான். அன்று பேதி நின்றுவிடுகிறது. குழந்தை சிரித்து விளையாடுகிறது. தாய் மீதி மாத்திரைகளை மாடத்தில் வைத்துவிடுகிறாள். அடுத்த முறை பேதி வரும்போது உதவும் என்பது அவளுடைய சிக்கனமான எண்ணம். அவ்வெண்ணத்தைக் குறைகூறுவதால் பயனில்லை. காரணத்தை விளக்குவதே முறை. முதல் சில நாட்கள் பேதியை அடக்கவும், எஞ்சிய நாட்கள் உடல் இழந்த துத்தநாகத்தை ஈடுசெய்யவும் ஆகின்றன. முழுக் கால அளவும் உட்கொண்ட குழந்தைக்கு அதன்பின் வரும் 2, 3 மாதங்களில் மீண்டும் பேதி வரும் வாய்ப்புக் குறைகிறது. "கடனை அடைப்பதற்கு மூன்று நாள் போதாது; முதலைத் திருப்பிக் கொடுத்து முடிக்க வேண்டும்" என்று சொன்னால் எந்தத் தாயும் புரிந்துகொள்வாள்.

மற்றொரு தவறும் உண்டு. மாத்திரை கிடைத்துவிட்டது என்று கருதி உப்புச் சர்க்கரைக் கரைசலை விட்டுவிடுவது அது. பேதியில் உயிரைப் பறிப்பது உடலின் நீர் வறட்சி; துத்தநாகம் அந்த நீரை ஈடுசெய்யாது. 1971-ல் வங்காளத்தில் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலானபிஸ் வாய்வழிக் கரைசலைக் கொடுத்தே எண்ணற்றோரைக் காப்பாற்றினார். ஓ.ஆர்.எஸ். எனப்படும் அந்தக் கரைசலே முதல் மருந்து; துத்தநாகம் அதன் துணை. தாய்ப்பாலும் வழக்கமான உணவும் நிறுத்தப்படக் கூடாது. மலத்தில் இரத்தம் காணுதல், கண்கள் குழிவிழுதல், குடிக்க இயலாமை, மயக்கம் ஆகியவை தோன்றினால் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஏனைய பயன்கள்

துத்தநாகத்தைக் குடலிலிருந்து உறிஞ்சும் சக்தி பிறவியிலேயே குன்றிய அரிய நோய் ஒன்று உண்டு. வாயைச் சுற்றியும் கைகால்களிலும் புண் தோன்றும், முடி உதிரும், பேதி ஓயாது. முன்னாளில் சிசுக்களின் உயிரைக் கவர்ந்த இந்நோய், துத்தநாகம் கொடுத்தால் அடங்கிவிடும் என்பது 1973-74-ல் லண்டனில் கண்டறியப்பட்டது. முதியோரின் விழித்திரை நோயில், அது நடுத்தர நிலையை அடைந்த பின்னர், துத்தநாகமும் சில வைட்டமின்களும் சேர்ந்த மருந்து நோய் முற்றுவதை ஓரளவு தடுக்கிறது என்பதை 2001-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி காட்டிற்று. இவையாவும் மருத்துவரின் மேற்பார்வையில் நிகழ வேண்டியவை.

சளிக்குத் துத்தநாகம் என்னும் பேச்சுக்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் இல்லை. சளியின் காலத்தை அது சிறிது குறைக்கலாம். வராமல் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. 2020-ல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது மக்கள் இம்மாத்திரையைப் பெருமளவில் வாங்கி உண்டனர். ஆனால் அமெரிக்காவில் நோயாளிகளுக்கு நாள்தோறும் 50 மில்லிகிராம் கொடுத்து நடத்தப்பட்டு 2021-ல் வெளியான பரிசோதனையில், குறிப்பிடத்தக்க பலன் எதுவும் காணப்படவில்லை.

மிகுதியால் விளையும் தீங்கு

உணவிலிருந்து கிடைக்கும் துத்தநாகம் அளவுக்கு மிஞ்சுவது அரிது. மாத்திரைகளாலேயே மிகுதி ஏற்படுகிறது. வளர்ந்தவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 40 மில்லிகிராம் என்பது உச்ச வரம்பு. 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு நீண்ட காலத்துக்கு ஏற்ற உச்ச அளவாக அமெரிக்காவில் வகுக்கப்பட்டிருப்பது 7 மில்லிகிராமே. அப்படியாயின் பேதிக்கு 20 மில்லிகிராம் கொடுப்பது எங்ஙனம் என்று சிலர் கேட்கலாம். அது இழப்பை ஈடுசெய்யச் சில நாட்களுக்கு மட்டும் கொடுக்கப்படும் சிகிச்சை. அதே அளவை "சத்துக்காக" மாதக்கணக்கில் கொடுப்பது தவறு.

மிகுதியாக உண்டவுடன் தோன்றுபவை குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வாயில் உலோகச் சுவை ஆகியவை. இவை விரைவில் நீங்கும். மறைவாக வரும் தீங்கே கொடியது. துத்தநாகம் மிகும்போது குடலின் உயிரணுக்கள் உலோகங்களைப் பற்றும் ஒருவகைப் புரதத்தை உற்பத்தி செய்கின்றன. அப்புரதம் செம்புச் சத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. உயிரணுக்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடுகிறது. நாளடைவில் செம்புக் குறைவினால் இரத்தச் சோகை உண்டாகும், வெள்ளணுக்கள் குறையும், நரம்புகள் பழுதுபட்டு நடை தள்ளாடும். அமெரிக்காவில் துத்தநாகம் கலந்த பொய்ப்பல் பசையை ஆண்டுக்கணக்கில் அளவின்றிப் பயன்படுத்திய சிலருக்கு இக்கதி நேர்ந்தது. நரம்புச் சேதம் சிலருக்கு முற்றிலும் சீரடைவதில்லை. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கு இதே துத்தநாகம் மருந்தாகக் கொடுக்கப்படுவது கவனிக்கத்தக்கது. ஒருவருக்குத் தீங்காகும் செயலே மற்றொருவருக்குச் சிகிச்சையாகிறது.

துத்தநாகம் சில மருந்துகளின் வேலையையும் தடுக்கும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளை மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்னரோ, 4 முதல் 6 மணி நேரம் பின்னரோ உட்கொள்ள வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையையும் துத்தநாகத்தையும் வெறும் வயிற்றில் ஒன்றாக உண்டால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கக் கூடும். இடைவெளி விடுதல் நலம்.

மாத்திரையைச் சாராத எச்சரிக்கை ஒன்றும் இங்குக் கூறத்தக்கது. மேற்பூச்சிட்ட தகர வாளியில் எலுமிச்சைச் சாறு, புளிநீர், மோர் முதலிய புளிப்புப் பொருள்களை வைத்தால் துத்தநாகம் கரைந்து, குடிப்பவர்களுக்கு வாந்தி உண்டாகும். பள்ளி விழாக்களில் பானகமோ மோரோ வழங்கும்போது ஆசிரியர்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். அவ்வாறே, வயலுக்கு இடும் துத்தநாக சல்பேட் உரத்தில் ஈயம், காட்மியம் போன்ற நச்சுப் பொருள்கள் கலந்திருக்கக் கூடும். பெயர் ஒன்றாயினும் அது மருந்தன்று.

உறையிலுள்ள எண்ணைப் படிக்கும் முறை

துத்தநாகம் மாத்திரையில் தனித்து இருப்பதில்லை; உப்பாகவே இருக்கிறது. உப்பின் எடை வேறு, அதிலுள்ள துத்தநாகத்தின் எடை வேறு. படிக நீருடன் கூடிய துத்தநாக சல்பேட் 220 மில்லிகிராமில் உள்ள துத்தநாகம் 50 மில்லிகிராம். துத்தநாக குளுக்கோனேட் 70 மில்லிகிராமில் இருப்பது 10 மில்லிகிராமே. ஆகவே, உறையில் பெரிய எண்ணைக் கண்டு அஞ்சவோ மகிழவோ வேண்டியதில்லை; தனித் துத்தநாகம் எவ்வளவு என்று குறித்திருப்பதையே பார்க்க வேண்டும். ஒருவரே இரண்டு மூன்று வகைச் சத்து மருந்துகளை உண்டால் அவற்றின் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தல் இன்றியமையாதது.

உணவே அடிப்படை

நோயற்ற குடும்பத்துக்கு மாத்திரை தேவைப்படுவதில்லை. நல்ல உணவே போதும். இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலுள்ள துத்தநாகம் எளிதில் உடலில் சேரும். சைவ உணவினர்க்குப் பயறு, கடலை, எள், பூசணி விதை, முழுத் தானியங்கள் ஆகியவை துணைபுரியும். பயற்றை ஊறவைத்து முளைகட்டினாலும், மாவைப் புளிக்கவைத்தாலும் ஃபைட்டிக் அமிலம் குறைந்து, துத்தநாகம் கிடைப்பது மிகுதியாகும். இட்லியும் தோசையும் நம் முன்னோர் கண்ட சிறந்த முறைகள் என்பதில் ஐயமில்லை. ஐதராபாத்திலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி 2016-ல் வெளியான 'டி.ஆர்.ஆர். தான் 45' என்னும் நெல் வகை, சாதாரண அரிசியைக் காட்டிலும் மிகுதியான துத்தநாகத்தைக் கொண்டது.

சுருங்கக் கூறின், பேதி கண்ட குழந்தைக்குக் கரைசலுடன் துத்தநாகத்தைக் குறித்த நாட்கள் முழுவதும் கொடுத்து முடிக்கச் செய்தல் ஊழியரின் முதற் கடமை. தேவையின்றி மாதக்கணக்கில் சத்து மாத்திரை உண்போரைத் தடுத்து மருத்துவரிடம் அனுப்புதல் இரண்டாம் கடமை. முன்னதில் தயக்கமும் பின்னதில் தாராளமும் காணப்படுவதே இன்றைய நிலை. மாடத்தில் மீந்து கிடக்கும் மாத்திரைகளைப் பார்த்து, "இன்னும் எத்தனை நாள் பாக்கி, அம்மா?" என்று கேட்கும் ஓர் ஊழியரின் அன்பான வினா, அடுத்த மழைக்காலத்தில் ஒரு குழந்தையைப் படுக்கையினின்று காக்கக் கூடும்.